கூடுதலாக ஒரு கால்

அந்த விதியைக் கேட்டு வாங்கியது அவருடைய மனைவி. அதைக் கெடுத்தது அவர். நடுவில் இருந்த மூன்று பேர் பச்சை மையில் கையெழுத்து மட்டும் போட்டார்கள்.

அவர் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற வேலை பார்த்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் டைப்பிஸ்ட். ரசீதுப் புத்தகம், மருந்துக் கடை உறை, நகர அலுவலகத்தின் அறிவிப்புகள் என்று பதினெட்டு வருடமாகத் தட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது. வலது முழங்கால் எந்நேரமும் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்து மேசைக்காரர் தன் தேநீர்க் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைக்கப் பழகிவிட்டார்.

மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரில் இருக்கிற எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். "ப" எது, "ட" எது என்று தெரியாமல் திணறுகிறவர்களிடம் அவளுக்குப் பொறுமை அதிகம். தெரிந்தும் தெரியாதது போல இருப்பவர்களிடம் சுத்தமாகக் கிடையாது.

அவர்களுடைய வீடு மாடியில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கீழே இரும்புக் கடையின் பின்கட்டு. அங்கே ஒரு தூணில், நான்கு அடிச் சங்கிலியில், ஒரு நாய் கட்டப்பட்டிருந்தது. வெயிலானாலும் மழையானாலும் அது அங்கேதான். கடைக்காரர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. விற்காத சரக்குக்குப் பெயர் எதற்கு என்று நினைத்திருக்கலாம். முடியின் நிறத்தைப் பார்த்து மனைவிதான் அதைச் செம்பட்டை என்று கூப்பிட்டாள். கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கும். எழுந்திருக்காது.

அவள் நகர அலுவலகத்துக்கு மனு எழுதினாள். நாய்களை இப்படி வெளியே கட்டிப் போடுவதைத் தடுக்க ஒரு விதி வேண்டும் என்று கேட்டிருந்தாள். முதல் மனுவுக்கு, மனு கிடைத்தது என்று பதில் வந்தது. இரண்டாவது மனுவுக்கு, முதல் மனுவுக்குப் பதில் அனுப்பியது நினைவிருக்கட்டும் என்று பதில் வந்தது. ஐந்தாவது மனுவுக்குப் பிறகு ஒரு குழு அமைத்தார்கள். குழு மூன்று ஊர்களுக்குப் பயணம் போய், அங்கேயும் நாய்கள் இருக்கின்றன என்று உறுதி செய்துகொண்டு திரும்பியது. பதினான்காவது மாதம், கைப்பட எழுதிய விதி அச்சுக்கு வந்தது. வந்து சேர்ந்தது டைப்பிஸ்டின் மேசைக்கு.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. முழங்கால் வழக்கத்தை விட வேகமாக ஆடியது. முதல் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி வீட்டிலிருந்து போன் செய்தாள்.

"ஏங்க, செம்பட்டை தண்ணிப் பாத்திரத்தைக் கவுத்துடுச்சு. பாத்திரம் உருண்டு தள்ளிப் போய்க் கிடக்கு. எட்டி எட்டிப் பாக்குது, சங்கிலி இழுக்குது."

"கடைக்காரர்கிட்ட சொல்லேன்."

"சொன்னேன். கடையில கூட்டமா இருக்காம்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவர் மூன்றாவது விதியைத் தட்டினார். கைப்பிரதியில் இருந்தது இது: எவரும் தம் நாயை வீட்டுக்கு வெளியே கட்டக் கூடாது. திரையில் விழுந்தது இது: எவரும் தம் நாயை வீட்டுக்கு வெளியே காட்டக் கூடாது. ஒரே ஒரு துணைக்கால். அதே வாசகம் இன்னும் ஆறு இடங்களில் வர வேண்டியிருந்தது. திரும்பத் திரும்பத் தட்டுவானேன் என்று அதையே நகல் எடுத்து ஆறு இடங்களிலும் ஒட்டினார்.

புரூஃப் நகர அலுவலகத்துக்குப் போனது. ஒன்பது நாள் கழித்து எழுத்தர், பிரிவு அதிகாரி, ஆணையர் என்று மூவரின் கையெழுத்தோடும் திரும்பி வந்தது. மூன்று பேர் படித்துவிட்டார்கள் என்று டைப்பிஸ்ட் நம்பினார். தட்டியவன் படித்திருப்பான் என்று அந்த மூன்று பேரும் நம்பினார்கள். இப்படி ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையில் எண்ணூறு பிரதிகள் அச்சாயின.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் தெருமுனையில் புதிய பலகை நின்றது. "நாயை வெளியே காட்டாதீர். மீறினால் பறிமுதல். பிராணிகள் நலப் பிரிவு." டைப்பிஸ்ட் அதை மூன்று முறை படித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டும் படித்துப் பார்த்தார். கால் அங்கேயே இருந்தது.

மாலையில் வீடு திரும்பும்போது மாடிப்படியின் கீழே சத்தம். கீழ் வீட்டுக் கணக்கு டீச்சர், பஞ்சு என்கிற தன் வெள்ளைக் குட்டி நாயோடு நின்றிருந்தார். எதிரே, தோளில் புதுப் பட்டையும் கையில் நோட்டுப் புத்தகமுமாகப் பிராணிகள் நலப் பிரிவின் மெலிந்த ஆய்வாளர் ஒருவர்.

"டீச்சர், இது என்ன?"

"நாய்."

"நாய்னு தெரியுது. தெரியறதுதான் பிரச்சனை."

"இது கயிறுல கூட இல்லையே. நான் கூடவே இருக்கேனே."

"கயிறைப் பத்தி யாரு கேட்டா? வெளியே காட்டக் கூடாதுன்னு விதி. முதல் தடவைங்கிறதால எச்சரிக்கையோட விடறேன். அடுத்த தடவை பறிமுதல்."

"பறிமுதல் பண்ணி எங்க கொண்டு போவீங்க?"

"ஆபீஸ் முற்றத்துல கட்டிப் போடுவோம்."

டீச்சர் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். "அங்க கட்டினா வெளியே தெரியாதா?" என்று கேட்டார்.

"அது ஆபீஸ் டீச்சர். ஆபீஸ் எப்படி வெளியாகும்?" என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் நோட்டில் எதையோ அடிக்கோடிட்டார்.

டைப்பிஸ்ட் படியேறினார். மனைவியிடம் அச்சிட்ட பிரதியை நீட்டினார். அவள் மூன்றாவது விதியில் விரலை வைத்தாள். விரல் நகரவில்லை.

"ஒரு கால்," என்றார் அவர்.

"பதினாலு மாசங்க," என்றாள் அவள். அவர் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். கடைசியில் அவளே, "நடந்து என்ன ஆகப் போகுது? நாளைக்குப் போய்ச் சொல்லுங்க. தப்பு பண்ணிட்டேன்னு சொன்னா திருத்திட்டுப் போறாங்க," என்றாள்.

தப்பு செய்ததை ஒப்புக்கொள்வது இத்தனை கஷ்டமான காரியம் என்று அவர் அதுவரை நினைத்ததில்லை. பிராணிகள் நலப் பிரிவில் ஒப்புக்கொள்வதற்குப் படிவம் இல்லை. குறை சொல்லப் படிவம் இருந்தது, பாராட்டப் படிவம் இருந்தது. பாராட்டுப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் படிப்பார்கள் என்று எழுத்தர் யோசனை சொன்னார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தும் எழுந்தும் காத்திருந்த பிறகு பிரிவு அதிகாரி கூப்பிட்டார். கண்டிப்பான அம்மாள். மேசையில் ஒரு தூசி இல்லை. ஒரு புத்தகமும் இல்லை.

"பிழைன்னு சொல்றீங்க."

"ஆமா மேடம். நான்தான் தட்டினேன். கட்டக் கூடாதுன்னு இருக்கணும். கால் அதிகமா விழுந்துடுச்சு."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"தெரியும் மேடம்."

"ஆணையர் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"அதுவும் தெரியும்."

"பிழை இருந்திருந்தா நாங்க போட்டிருப்போமா? போட்டிருக்கோம். அப்போ பிழை இல்லை. இது ரொம்ப சிம்பிள்."

"மேடம், உங்க கைப்பிரதியை ஒரு தடவை எடுத்துப் பாத்தீங்கன்னா..."

"கைப்பிரதி வரைவு. அச்சுதான் விதி. வரைவை வச்சு விதியைத் திருத்தணும்னா நாளைக்கு அவனவன் மனசுல என்ன நினைச்சான்னு பாத்துத் திருத்த வேண்டி வரும். ஆபீஸ் நடக்குமா?"

"ஆனா அர்த்தமே மாறிப் போச்சே மேடம்."

அதிகாரி கருணையோடு பார்த்தார். "பாருங்க, அர்த்தத்தைப் பாக்கறதுக்கு இங்க தனி ஆள் இல்லை. அந்தப் பதவி எட்டு வருஷமா காலியா இருக்கு." பிறகு கோப்பில் நிதானமாக எழுதினார். போகும்போது அதன் நகலையும் கொடுத்தார். "மனுதாரர் தாம் பிழை செய்ததாகக் கூறுகிறார். பிழை எதுவும் இல்லாததால் அக்கூற்று பிழையானது."

அந்த வாரத்திலேயே ஊர் பழகிக்கொண்டது. சிலர் நாயைக் கடைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். சிலர் குழந்தை வண்டியில் படுக்க வைத்துத் திரை போட்டார்கள். கணக்கு டீச்சர் பெரிய கறுப்புக் குடையைத் தரைக்கு ஓர் அடி மேலே பிடித்தபடி, பாதி குனிந்தே காலையில் ஒரு சுற்று வந்தார், முதுகு பிடித்துக்கொண்டது. ஆய்வாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. முழு உடம்பும் தெரிந்தால் முழுக் காட்சி. வாலோ காதோ தெரிந்தால் பகுதிக் காட்சி. குரைக்கிற சத்தம் மட்டும் கேட்டால் குற்றமில்லை. விதியில் காதால் கேட்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இரும்புக் கடைக்காரர் யாரையும் விட நல்ல குடிமகனாக இருந்தார். விதி வந்த மூன்றாம் நாள், பின்கட்டில் செம்பட்டையைச் சுற்றி நான்கு பக்கமும் தகரம் அடித்தார். மேலேயும் ஒரு தகரம் போட்டார். அவருக்குத் தகரத்துக்கா பஞ்சம்? தூண் அப்படியே இருந்தது, சங்கிலி அப்படியே இருந்தது, நாயும் அப்படியே இருந்தது. வெளியே மட்டும் தெரியவில்லை. ஆய்வாளர் வந்து நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்து, திருப்தியாகி, "விதிப்படி நடக்கும் நிறுவனம்" என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார். அது கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறியது.

அது வெயில் காலம். பகல் பதினொரு மணிக்கெல்லாம் தகரத்திலிருந்து கானல் எழும்பும். மனைவி சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பாள். பார்க்க எதுவும் இல்லை. உள்ளேயிருந்து சங்கிலி தரையில் உரசுகிற சத்தம் மட்டும் வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பின்சந்து வழியாகப் போய், இரண்டு தகரத்துக்கு நடுவில் இருந்த இடுக்கில் ஒரு ரப்பர் குழாயை நுழைத்துத் தண்ணீர் விட்டாள். உள்ளே நாக்கால் அள்ளிக் குடிக்கிற சத்தம் கேட்டது. மறுநாளும் போனாள். நான்காம் நாள் ஆய்வாளர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மேடம், நீங்க இடுக்கு வழியா நாயைப் பாக்கறீங்கன்னு தகவல்."

"தண்ணி குடுக்கறேன்."

"தண்ணியைப் பத்தி ஆட்சேபணை இல்லை. பாக்கறதைப் பத்திதான். நீங்க பாத்தீங்கன்னா அவர் காட்டினதா ஆயிடும். நல்லவிதமா விதியை மதிக்கிற ஒரு மனுஷனை நீங்க குற்றவாளி ஆக்கறீங்க."

"உள்ளே அது வெந்துட்டிருக்கு. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எப்படி மேடம் தெரியும்? மறைச்சில்ல இருக்கு." அவர் குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே விளக்கிக்கொண்டிருந்தார். போவதற்கு முன் சமையலறை ஜன்னலை எட்டிப் பார்த்து, திரை போட்டுக்கொண்டால் குடும்பத்துக்கு நல்லது என்று சொல்லி, பார்ப்பதைத் தவிர்க்குமாறு ஒரு நோட்டீஸையும் கொடுத்தார்.

டைப்பிஸ்ட் அச்சகத்தில் இருப்புக் கொள்ளாமல் தவித்தார். எந்த வாக்கியத்தைத் தட்டினாலும் திரும்பிப் போய் ஒவ்வொரு காலாக எண்ணினார். மருந்துக் கடை உறை தட்ட அரை நாள் ஆனது. நகர அலுவலகத்துக்கு மட்டும் மனுவும் கையுமாகப் பத்து முறை போய்விட்டார். பத்தாவது முறை, எல்லாக் கேள்விகளுக்கும் ஆணையரே பொதுக்கூட்டத்தில் விளக்கம் தரப் போகிறார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

காலை நேரக் கூட்டத்துக்கு அரங்கம் நிறைந்தது. மடியில் பையோடு வந்தவர்கள் பாதிப் பேர். பைகள் அவ்வப்போது தும்மின. ஆணையர் நல்ல பேச்சாளர். மேடையில் வெள்ளை வேட்டித் துணி போர்த்திய மேசை; அதன் பின்னால் நின்று, கையை விரித்துப் பேசினார்.

"நண்பர்களே, நாயைக் கட்டக் கூடாதுன்னு பல ஊர்ல விதி போட்டிருக்காங்க. போட்டு என்ன ஆச்சு? கட்டினானா, கட்டலையா, எவ்வளவு நேரம் கட்டினான், எவ்வளவு நீளச் சங்கிலி, தண்ணி இருந்துதா, நிழல் இருந்துதா, இதையெல்லாம் ஒருத்தன் போய்ப் பாக்கணும். எத்தனை வேலை! நாம ஒரு படி மேல போனோம். இந்த விதி வர்றதுக்கு முன்னாடி, வெயில்ல வாடற நாய்களைப் பத்தி மாசத்துக்கு நாற்பது புகார் வரும். இப்ப எத்தனை தெரியுமா? ஒண்ணு கூட இல்லை. நானே ஒரு மாசமா கார்ல ஊரைச் சுத்தி வர்றேன். கஷ்டப்படற நாய் ஒண்ணைக் கூட நான் பாக்கலை!"

முன்வரிசை கைதட்டியது. பிரிவு அதிகாரி எல்லோருக்கும் கடைசியாகக் கையை நிறுத்தினார்.

"இதோட நிறுத்தப் போறதில்லை," என்றார் ஆணையர். "இந்த முறை நல்லா வேலை செய்யுது. குண்டும் குழியுமா இருக்கிற ரோடு, வழியற சாக்கடை, எல்லாத்துக்கும் இதைக் கொண்டு வரலாமான்னு யோசிச்சிட்டிருக்கோம்."

டைப்பிஸ்டின் முழங்கால் முன் நாற்காலியை இடித்துக்கொண்டே இருந்தது. முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்தார். அந்த முறைப்பிலிருந்து தப்பிக்க எழுந்தாரா, பேச எழுந்தாரா என்று அவருக்கே தெரியாது. எழுந்துவிட்டார்.

"ஐயா, அது என் தப்புங்க. கட்டக் கூடாதுன்னு தட்ட வேண்டியதை நான் காட்டக் கூடாதுன்னு தட்டிட்டேன். அது விதி இல்லை ஐயா, கைப்பிசகு."

அரங்கம் அமைதியானது. ஒரு பை மட்டும் குரைத்தது. ஆணையர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! இதுதான் இந்த ஊர் மக்களோட பணிவு. இவ்வளவு பெரிய சிந்தனையில தனக்கும் ஒரு பங்கு இருக்குன்னு சொல்ல ஒரு சாதாரண ஊழியர் ஆசைப்படறார். தப்பே இல்லை. மேடைக்கு வாங்க."

அவர் வரமாட்டேன் என்று தலையாட்டியதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு பேர் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதைப் படித்தபோது, அதில் ஆணையரின் பதவியே தப்பாக அச்சாகியிருந்தது. கீழே மூன்று பச்சைக் கையெழுத்துகள் இருந்தன. அவர் சிரித்திருக்கலாம். ஆனால் மனைவி ஜன்னல் பக்கத்தில், திரையை விலக்கி, காதைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னம்மா?"

"காலையில இருந்து சங்கிலிச் சத்தம் வரலைங்க."

அவர் காது கொடுத்துக் கேட்டார். கடையில் யாரோ கம்பி அறுக்கிற சத்தம். அது நின்றதும் வேறு எதுவும் இல்லை.

"குழாயை விட்டுப் பாத்தியா?"

"விட்டேன். குடிக்கிற சத்தம் இல்லை. மூச்சு இருக்கு. கேட்டுச்சு." பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள். "நீங்க இன்னொரு மனு எழுதப் போறீங்களா?"

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். நேராக இரும்புக் கடைக்கே போனார். ஊரில் வேறு இரும்புக் கடை இல்லை.

"சங்கிலி வெட்டற கட்டர் வேணும்."

கடைக்காரர் வியாபாரத்தில் கெட்டிக்காரர். "எவ்வளவு கனம் சங்கிலி?"

டைப்பிஸ்ட் கல்லாவுக்கு மேலே இருந்த சான்றிதழைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "நம்ம... நாய்க்குப் போடற மாதிரி."

"நாய்ச் சங்கிலியா? அதுக்கு இந்தச் சின்னது பத்தாது சார். வழுக்கும். இந்த நீளக் கைப்பிடி எடுத்துக்கங்க, ஒரே அழுத்து. நான் என் நாய்க்குப் போட்டிருக்கிற சங்கிலியையே இது வெட்டிடும், பாத்துக்கங்களேன்." சொல்லிவிட்டு அவரே ஒரு துண்டுச் சங்கிலியை எடுத்து வெட்டிக் காட்டினார். கண்ணி இரண்டாகி மேசையில் விழுந்தது. "மதியம் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திடுவேன். ஏதாவது சந்தேகம்னா அதுக்குள்ள வாங்க."

மதியம் கடை சாத்தியதும் கணவனும் மனைவியும் கட்டரும் ஒரு போர்வையுமாகப் பின்சந்து வழியாகப் போனார்கள். தகரத்தின் ஓரத்தில் கை பட்டதும் அவருக்குச் சுட்டது. மனைவி போர்வையை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு தகரத்தை வளைத்தாள். உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்தது போல அனல் அடித்தது. செம்பட்டை பக்கவாட்டில் படுத்திருந்தது. கண் திறந்திருந்தது. விலா எலும்புகள் ஏறி இறங்கின. அவர் கூனிக்கொண்டு உள்ளே போனார். முதல் முறை கட்டர் நழுவியது. இரண்டாவது முறை ஒரே அழுத்து. கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

போர்வையில் சுற்றித் தூக்கினார். நாய் அவ்வளவு லேசாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சந்திலிருந்து தெருவுக்கு வந்து பத்தடி கூடப் போயிருக்க மாட்டார்கள். எதிரில் ஆய்வாளர்.

மூவரும் நின்றார்கள். ஆய்வாளரின் பார்வை போர்வையில் விழுந்தது.

"என்ன சார் அது?"

டைப்பிஸ்டின் முழங்கால் ஆடத் தொடங்கியது. போர்வையும் சேர்ந்து ஆடியது. "நாய்," என்றார். வேறு எதுவும் தோன்றவில்லை.

ஆய்வாளர் கிட்டே வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். குனிந்து கீழே பார்த்தார். "வாலும் தெரியலை, காதும் தெரியலை," என்றார். நோட்டை எடுத்து ஒரு டிக் போட்டார். "எல்லாரும் இப்படி இருந்துட்டா எங்களுக்கு எதுக்கு சார் இந்த அலைச்சல்? போங்க, போங்க. நாய்க்கு வெயில் ஆகாது."

இரண்டாம் நாள் கடைக்காரர் நலப் பிரிவுக்குப் போனார். பதினொன்றாவது மனுவோடு டைப்பிஸ்டும் அங்கே பெஞ்சில் இருந்தார். எழுந்து ஓடலாமா என்று நினைத்தார். ஓடினால் சந்தேகம் வரும் என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தால் முழங்கால் காட்டிக் கொடுக்கும் என்று மறுபடி எழுந்தார். கதவு திறந்தே இருந்தது. பேச்சு முழுக்கக் கேட்டது.

"என் நாயைக் காணோம் மேடம். யாரோ சங்கிலியை வெட்டித் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"போட்டோ இருக்கா?"

கடைக்காரர் போனை எடுத்து நீட்டினார். பிரிவு அதிகாரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னய்யா இது, ஆபீஸ்ல உக்காந்துட்டு நாயைக் காட்டறீங்க? உள்ள வைங்க."

"காட்டாம எப்படி மேடம் அடையாளம் சொல்றது?"

"போன மாசத்துல அந்த நாயை யாராவது பாத்திருக்காங்களா?"

"எப்படிப் பாப்பாங்க? நீங்கதானே மூடச் சொன்னீங்க!"

"அப்போ அங்க நாய் இருந்துச்சுங்கிறதுக்கு என்ன சாட்சி?"

கடைக்காரர் மேசையில் தட்டினார். "உங்க ஆய்வாளர் சான்றிதழே குடுத்திருக்காரே!"

"ஆமா. நாய் எதுவும் தெரியலைன்னு குடுத்திருக்கார்." அதிகாரி சான்றிதழின் நகலைப் புரட்டினார். கண்ணில் ஒரு புது வெளிச்சம். "இல்லாத நாயைக் காட்டலைன்னு சொல்லிச் சான்றிதழ் வாங்கியிருக்கீங்க. இது சாதாரண விஷயம் இல்லை." பிறகு கதவு வழியாக டைப்பிஸ்டைப் பார்த்தார். "நீங்க இவர் கடைக்குப் பின்வீடுதானே? அங்க நாய் இருந்து நீங்க பாத்தீங்களா?"

அவர் கதவருகில் வந்து நின்றார். "மேடம், பாக்கக் கூடாதுன்னு எங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கு," என்றார்.

அதிகாரி முதல் முறையாக அவரைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். கடைக்காரரின் கோப்பில், நாய் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். டைப்பிஸ்டின் பதினொன்றாவது மனுவை வாங்கிப் பத்தாவது மனுவின் மேல் வைத்தார். தெருவில் இறங்கியபோது கடைக்காரர் பக்கத்தில் வந்து, "எனக்குத் தலை சுத்துது சார். இருந்துச்சுல்ல? நாய் இருந்துச்சுல்ல?" என்று கேட்டார். அந்த ஒரு நிமிஷம் டைப்பிஸ்டுக்கு அவர் மேல் பாவமாகக் கூட இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில், பூட்டிய வீடுகளின் பின்கட்டில் தகரம் அடித்த இடங்களை எண்ணிக்கொண்டே போனார். பதினேழு. மூன்றில் சங்கிலிச் சத்தம் கேட்டது. அந்தப் பரிதாபம் போய்விட்டது.

செம்பட்டை முதல் இரண்டு நாள் குடித்தது, தூங்கியது. மூன்றாம் நாள் எழுந்தது. எழுந்ததும் கூடத்தின் நடுவில் வட்டமாக நடக்கத் தொடங்கியது. நான்கு அடிக்கு ஒரு வட்டம். அதற்கு மேல் ஓர் எட்டு எடுத்து வைக்காது. கழுத்தில் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த எல்லை வந்ததும் சங்கிலி இழுத்தது போலத் தலையைத் திருப்பிக்கொள்ளும். மனைவி தண்ணீர்க் கிண்ணத்தை வட்டத்தின் ஓரத்தில் வைத்தாள். மறுநாள் ஒரு சாண் தள்ளி வைத்தாள். நாய் கழுத்தை நீட்டிக் குடித்தது. அதற்கு மறுநாள் இன்னொரு சாண். நாய் நின்று கிண்ணத்தையே பார்த்தது. குடிக்கவில்லை. அவள் கிண்ணத்தைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

விடுமுறை நாள் ஒன்றில், டைப்பிஸ்ட் உள்ளறையில் பன்னிரண்டாவது மனுவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஊரில் பதினேழு இடங்களில் தகரத்துக்குப் பின்னால் நாய்கள் கட்டப்பட்டிருக்கின்றன என்று எழுதி, ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்திருந்தார். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் நான்கு தடவை படித்தார். கூடத்தில் நகங்கள் தரையில் படுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அந்தத் தாளம் அவருக்குப் பழகிவிட்டது. இதோ இங்கே திரும்பும் என்று அவருடைய காதுக்கே தெரியும்.

திரும்பவில்லை. நகச் சத்தம் ஓரிடத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு ஓர் எட்டு. இன்னோர் எட்டு. கூடத்தைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, உள்ளறையின் பக்கம் வந்துகொண்டிருந்தது. சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தமும் நின்றுவிட்டது.

டைப்பிஸ்ட் பாதித் தட்டிய சொல்லை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் பயந்துவிடும் என்று திரும்பவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவருடைய முழங்கால் ஆடாமல் இருந்தது.